கட்டங்களுக்குள் மறைந்த இடம்

சென்ற சேர்க்கைக் காலத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். கோட்டைப்பட்டினத்துச் சகோதரர் ஒருவர் கைப்பேசியுடன் வந்தார். "ஹஜ்ரத்! மகள் கேட்ட கல்லூரியில் நமக்கு இடமே இல்லையாம். கடன் வாங்கியாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாமா?" என்றார். குரலில் கலக்கம்.

வாங்கிப் பார்த்தேன். முந்தைய ஆண்டுப் பொறியியல் 'கட்-ஆஃப்' அட்டவணை. அதன்மேல் ஓ.சி., பி.சி., பி.சி.எம்., 7.5 விழுக்காடு எனத் தெரிவுக் கட்டங்கள். "நாம் பிற்படுத்தப்பட்டோர், முஸ்லிம், பிள்ளை படித்ததும் அரசுப் பள்ளி. ஆகவே மூன்றையும் தொட்டேன்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அட்டவணையோ, மூன்றும் ஒருங்கே பொருந்தும் வரியைத் தேடிற்று. ஒருவரே பி.சி.யாகவும் பி.சி.எம். ஆகவும் இருக்க இயலாதே! வெறுந்திரைதான் மிஞ்சியது. பி.சி. கட்டத்தை நீக்கினேன்; வரி தோன்றியது. மகளின் மதிப்பெண் அதைவிடக் கூடுதல்!

பெற்றோர்களே! குழப்பத்தின் வேரை அறிந்துகொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடு 2007ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்கெனத் தனியே பிரிக்கப்பட்டது. எனவே 26.5 விழுக்காடுள்ள பி.சி. வேறு, பி.சி.எம். வேறு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, அன்சார், தக்கனி, தூதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய பிரிவினர் பி.சி.எம். பட்டியலில் உள்ளனர்.

ஓ.சி. என்னும் சொல்லுக்கும் இரு பொருளுண்டு. எந்த ஒதுக்கீட்டிலும் சேராதோரைக் குறிப்பது ஒன்று. எஞ்சிய 31 விழுக்காட்டுப் பொதுப்போட்டி மற்றொன்று. அது எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்த வாசல். அதை 'நமக்கில்லை' எனத் தள்ளிவிடுவது நம்மவர் பலர் செய்யும் தவறு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்றோருக்கான 7.5 விழுக்காடு, மருத்துவத்தில் 2020லும் பொறியியலில் 2021லும் வந்தது. அது சாதிப் பிரிவன்று. அதற்குள்ளும் சமூகவாரி ஒதுக்கீடு உண்டு.

ஆதலால் முதலில் சாதிச் சான்றிதழில் உள்ள பிரிவைப் படியுங்கள். பின்பு பி.சி.எம். வரியைத் தனியாகவும், ஓ.சி. வரியைத் தனியாகவும் பார்த்துத் தாளில் எழுதுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையாயின் 7.5 விழுக்காட்டையும் சேர்த்து மறுமுறை பாருங்கள். சென்ற ஆண்டின் மதிப்பெண் ஒரு மதிப்பீடே, உறுதியன்று.

அச்சகோதரர் கடன் வாங்கவில்லை. விருப்பப் பட்டியலில் அக்கல்லூரியை முதலாவதாக எழுதினார். மகள் இன்று அங்கேதான் பயில்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். வெறுந்திரையைக் கண்டு பிள்ளையின் படிப்பை முடிவு செய்துவிடாதீர்கள், கேட்டறிந்து செயல்படுங்கள்.