ரீஸ்டார்ட் என்னும் மூடநம்பிக்கை

காஞ்சிபுரம் காந்தி ரோடு. முகூர்த்த நாட்கள் நெருங்குகிற நேரம். பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் குடும்பத்துக்கு வீடியோ காலில் புடவை காட்டிக்கொண்டிருக்கிறார். உடல் அரக்கு, பார்டர் பச்சை. முந்தானையை விரிக்கும்போது படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அதே நேரத்தில் கல்லாவில் கார்டு மிஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளேயிருந்து முதலாளியின் குரல்: "டேய், அந்த டப்பாவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா!"

பையன் ஓடுகிறான். இரண்டு நிமிடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. எல்லோருக்கும் நிம்மதி. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை!

இது ஏதோ ஒரு கடையின் கதை அல்ல. சிறுதொழில் நடக்கிற எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் வைத்தியம் ஒன்றுதான்: ரீஸ்டார்ட். அது பழுதுபார்ப்பே அல்ல என்பதுதான் விஷயம். சொல்லப்போனால் அது தடயத்தை அழிக்கிற வேலை.

"ஆனா ஆன் பண்ணினா சரியாயிடுதே?" என்று கேட்பார்கள். ஆகும்தான். ரவுட்டர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்தோம், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை அது நினைவில் வைத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் குழம்பிப்போன பட்டியல் ஒழியும், கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். ஆனால் குழம்பியதற்கான காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலான சின்ன ரவுட்டர்களில் என்ன நடந்தது என்று எழுதிவைக்கும் லாக்கும் அதே நினைவகத்தில்தான் இருக்கிறது. அதுவும் சேர்ந்து காலி!

வேல்ஸில் அபர்ஹோசான் என்றொரு கிராமம். தினமும் காலை 7 மணிக்கு ஊரிலேயே பிராட்பேண்ட் படுத்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 18 மாதம்! கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், தீரவில்லை. கடைசியில் 2020ல் ஓப்பன்ரீச் பொறியாளர்கள் மின் இரைச்சலை அளக்கும் கருவியோடு ஊருக்குள் நடந்தார்கள். 7 மணி அடித்ததும் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் தினமும் அந்த நேரத்துக்குப் போடுகிற பழைய டிவிதான் குற்றவாளி. துப்பு கொடுத்தது புதுக் கேபிள் அல்ல, கடிகாரம்.

நம் கடைகளுக்கும் முதலில் தேவை புது ரவுட்டர் அல்ல, ஒரு நாற்பது பக்க நோட்டு. நெட் போன நேரம், வந்த நேரம், அப்போது நடந்தது என்ன (கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்களா, மழையா) என்று ஒரு வாரம் எழுதட்டும். கூடவே ரவுட்டரில் கேபிளால் இணைத்த ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் ஓடட்டும், மற்றதில் வெளியே 8.8.8.8க்கு. நெட் போகும்போது இரண்டுமே நின்றால் கோளாறு கடைக்குள். உள்பிங் ஓடி வெளிபிங் மட்டும் நின்றால் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடி, போன்களில் மட்டும் அறுந்தால் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள் அத்தனையும் அந்த மூன்றில் கத்தினால் என்ன ஆகும்?

கடைக்குள் என்றால் வழக்கமான குற்றவாளிகள் சிலர்தான். கம்பெனி கொடுத்த பெட்டியும் கடைக்காரர் வாங்கிய ரவுட்டரும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி வழங்குவது ஒன்று. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகிவைத்திருப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்த்து வாங்குகிற ஊர் இது. தமிழ்நாடு அரசின் ஜரிகை ஆலையே இங்கேதான் இருக்கிறது. செம்புக்கு முலாம் பூசிய ஜரிகையை அசல் என்று விற்றால் சும்மா விடுவார்களா? அதே கடையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுவதோ அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள்! தரநிலை கேட்பது முழுச் செம்பு. அலுமினியத்தில் மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் முறியும்.

அப்படியானால் இணைப்பு தரும் கம்பெனிகள் யோக்கியமா? இல்லவே இல்லை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்பது அவர்களுக்கும் வசதியான மந்திரம், புகார் அங்கேயே முடிந்துவிடும். டிராயின் 2012ம் வருட விதிகளின்படி புகாருக்கு டாக்கெட் எண் தர வேண்டும். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். ஆனால் "அடிக்கடி போகுது சார்" என்று மட்டும் சொன்னால் யார் மதிப்பார்கள்? "இன்னின்ன நேரத்தில் இத்தனை முறை போனது, உள்ளே ஓடியது, வெளியே நின்றது" என்று நோட்டைக் காட்டினால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

சிங்கப்பூர் குடும்பம் திரும்பக் கூப்பிடவில்லை. புடவை மடிந்து பீரோவுக்குப் போகிறது. திட்டு வாங்குவது பையன். புடவைகள் தேங்கினால் அடுத்த பாவு தள்ளிப்போகும். நெசவாளி வீட்டில் அவை கூலியில்லாத நாட்கள். அந்த நெசவாளி, பாவில் ஓர் இழை அறுந்தால் தறியைக் கலைத்துவிட்டு மறுபடி பூட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த முனையைத் தேடிப்பிடித்து முடிந்துவிட்டுத்தான் நாடாவைத் தொடுகிறார். அவர் நெய்ததை விற்றுப் பிழைக்கிற கடைக்கு ஒரு நோட்டு எழுதக்கூடவா பொறுமையில்லை?