ஊதியமில்லா உழைப்பு: உபகாரமா? அபகாரமா?

மஃரிபு தொழுதுவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் விளக்குகள் ஏறி, கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரம். எதிரே வந்த பெண் நின்று ஸலாம் உரைத்தாள். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவள்; வணிகவியல் பட்டதாரி. திருமணத்துக்கு முன் மூன்றாண்டுகள் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியவள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வீடும் பிள்ளைகளுமே அவளுக்கு உலகம். வளைகுடாவில் கணவருக்கு வேலை போனபின், மீண்டும் வெளியே வந்திருக்கிறாள்.

"வேலைக்குப் போகிறேன் மாமா" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! சம்பளம் எவ்வளவம்மா?"

"சம்பளம்னு இப்போதைக்கு ஒண்ணுமில்லை மாமா. சும்மா வந்து பழகுங்க, பிறகு பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"எத்தனை நாளாக?"

"பதினோரு மாசமாச்சு."

"உனக்கு முன்னால் அந்த வேலையை யார் பார்த்தார்?"

"ஒரு கணக்கர் இருந்தார். அவர் நின்னுட்டார். இப்போ அந்த மேசையில நான்தான்."

சம்பளம் வாங்கியவர் போய்விட்டார். சம்பளம் வாங்காதவள் அமர்ந்துவிட்டாள். வேலை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த அலுவலகத்தின் அதிபர் நம்மவர்; தொழுகையில் முதல் வரிசையைத் தவறவிடாதவர். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. ஏனெனில் அவர் ஒருவர் அல்லர். "அனுபவம் கிடைக்கும், வந்து உட்காரச் சொல்லுங்கள்" என்று பெருந்தன்மையோடு கூறும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அதை ஓர் உபகாரம் என்றே அவர்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைத்தான் இக்கட்டுரை கேள்வி கேட்கிறது.

மறுக்க முடியாத உண்மை

முதலில் நியாயத்தை நியாயமாகச் சொல்லிவிடுவோம். பல்லாண்டு இடைவெளிக்குப்பின் வேலை தேடுகிறவருக்குத் தொண்டுப் பணி உதவாது என்று எவரும் கூற முடியாது. அந்தச் சகோதரி கணக்கெழுதிய நாளில் 'வாட்' வரி இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வந்தது, மறு ஆண்டு சரக்குப் போக்குவரத்துக்கு இ-வே பில் வந்தது. துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் இவ்வட்டாரத்தில் இவை தெரியாத கணக்கருக்கு எந்த அலுவலகத்திலும் இடமில்லை. விட்டுப்போன பழக்கம் மீள வேண்டும். கை மறந்த வேலை கைக்கு வர வேண்டும். "இவரை நான் அறிவேன், நம்பலாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். சில வாரங்கள் ஓர் அலுவலகத்தில் இருந்தால் இவை மூன்றும் கிட்டும். உண்மைதான்.

ஆனால், சில வாரங்கள் எங்கே, பதினோரு மாதங்கள் எங்கே? பழகுவது எங்கே, ஒருவருடைய மேசையை நிரப்புவது எங்கே? கொடுப்பவர் தம் விருப்பத்தால் கொடுத்தால் அது தொண்டு. கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்று நின்றுவிட்டால் அது தொண்டு அன்று, நுழைவுக் கட்டணம். ஏழையிடம் பணமில்லை என்பதால் அவருடைய நாள்களைக் கட்டணமாகப் பிடுங்கிக்கொள்வது எவ்வகை உபகாரம்?

மத்யனின் நீர்த்துறையில்

மார்க்கத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் 'அல்கஸஸ்' அத்தியாயம் கூறுகிறது. எகிப்தை விட்டுத் தப்பி வந்து, வேலையும் வீடும் உறவும் இன்றி மத்யன் நகரின் நீர்த்துறையில் நிற்கிறார்கள். ஆட்டு மந்தையுடன் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்காக, எவரும் கேளாமலே முன்வந்து நீர் புகட்டுகிறார்கள். பின்னர் நிழலில் ஒதுங்கித் தம் இறைவனிடம் மட்டும் தம் தேவையை முறையிடுகிறார்கள். கலப்பற்ற தொண்டு அது!

அடுத்து நடந்தது என்ன? அப்பெண்களில் ஒருவர் நாணத்தோடு நடந்து வந்து, நீர் புகட்டியதற்குக் கூலி கொடுக்கத் தம் தந்தை அழைப்பதாகக் கூறுகிறார். கேளாமல் செய்த உதவிக்கும் கூலி! அதன் பின்னரே, வலிமையும் நம்பகமும் உள்ள இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று மகள் தந்தையிடம் பரிந்துரைக்கிறார். தந்தை ஒப்பந்தம் பேசுகிறார்: பணி எட்டாண்டு, அதற்கு ஈடு இன்னது, பத்தாண்டாக நிறைவு செய்தால் அந்த ஈராண்டு உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை.

தொண்டிலிருந்து ஊதியப் பணிக்குச் செல்லும் பாதை இதைவிடத் தெளிவாக எங்கே வரையப்பட்டிருக்கிறது? தொண்டு ஒரு பொழுதில் முடிந்தது. கூலி தேடி வந்தது. காலம் குறிக்கப்பட்டது, ஈடு குறிக்கப்பட்டது. விருப்பப் பணி என்ற பேச்சு ஒப்பந்தத்தின் கடைசியில்தான் வருகிறது. அதுவும் உழைப்பவரின் உரிமையாக வருகிறது. நம்முடைய அலுவலகங்களோ விருப்பப் பணியைத் தலைவாசலில் வைத்துவிட்டு, கூலியைக் கண்ணுக்கெட்டாத தொலைவில் வைத்திருக்கின்றன.

உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அறியாதவர் நம்மில் எவரும் இலர். கூலி இன்னதென்று அறியப்படாத வேலை ஒப்பந்தம் பழுதுபட்டது என்பதில் ஷாஃபியீ, ஹனஃபீ இரு மத்ஹபு அறிஞர்களும் ஒன்றுபடுகின்றனர். "பிறகு பார்க்கலாம்" என்பது எந்த மத்ஹபின் சட்டம்?

'கித்மத்' என்னும் போர்வை

வணிகரை மட்டும் குறை கூறி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. நம் பள்ளிக்கூடங்கள், அறக்கட்டளைகள், ஜமாஅத் அலுவலகங்கள் ஆகியவற்றையும் பார்ப்போம். நாள்தோறும் காலை பத்து மணிக்கு வந்து, மாலை ஐந்து மணி வரை பதிவேடு எழுதும் படித்த பெண்ணுக்குச் சில இடங்களில் கிடைப்பது என்ன? "இது கித்மத் அம்மா, அல்லாஹ்விடம் கூலி உண்டு" என்னும் வாசகம். அல்லாஹ்விடம் கூலி உண்டு என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்லிவிட்டால் நம்முடைய கடன் தீர்ந்துவிடுமா?

ஸகாத் நிதி யாருக்குரியது என்று எட்டுப் பிரிவினரைத் திருமறை எண்ணிச் சொல்கிறது. அவர்களுள் ஒரு பிரிவினர், அந்நிதியைத் திரட்டவும் பங்கிடவும் உழைக்கும் பணியாளர்கள். ஏழையின் பங்கான அந்த நிதியிலிருந்தே பணியாளருக்கும் கூலியை இறைவன் ஒதுக்கியிருக்கும்போது, அறப்பணி என்ற பெயரால் கூலியை மறுக்க நமக்கு யார் அதிகாரம் அளித்தார்? இவ்வாறு பணியாற்றிய ஒருவர், தாம் அல்லாஹ்வுக்காகவே செய்ததாகக் கூறி ஊதியத்தை மறுத்தபோது, உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்திப் பெறச் செய்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் தாமும் பணியாற்றி மறுத்ததையும், நாயகம் தம்மைப் பெற்றுக்கொள்ளச் செய்ததையும் நினைவூட்டினார்கள். அங்கே உழைத்தவர் வேண்டாம் என்கிறார், தலைவர் கொடுக்கிறார். இங்கே உழைத்தவர் எதிர்பார்த்து நிற்கிறார், தலைவர் துஆ செய்கிறார்!

நாடு எங்கே நிற்கிறது?

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், வேலை பழகுகிறவருக்கும் உதவித்தொகை தர வேண்டும் என்று விதித்தது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் உழைத்தோர் பற்றிய வழக்கில் நீதிபதி பகவதி அவர்கள் அளித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு இன்னும் ஆழமானது. பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்கத் தள்ளினால் அதுவும் கட்டாயமே. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே. "அவளாகத்தானே விரும்பி வந்தாள்" என்போர் இத்தீர்ப்பை எண்ணிப் பார்க்கட்டும். கையில் வேறு வழி இல்லாதவரின் 'விருப்பம்' எத்தகைய விருப்பம்?

மெட்ரோ ரயிலில் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிலையம் மண்ணடி, அதற்கடுத்தது உயர்நீதிமன்றம். மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இளையவர் ஊதியமின்றியோ பெயரளவு ஊதியத்துக்கோ ஆண்டுக்கணக்கில் உழைப்பது தொழில் தர்மம் என்று அந்த வளாகத்தைச் சுற்றி நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 2024 ஜூனில் அதே உயர்நீதிமன்றம் அதைச் சுரண்டல் என்றே கண்டு, சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்துச் சுற்றறிக்கை விடுமாறு வழக்கறிஞர் மன்றத்துக்கு ஆணையிட்டது. கற்பதும் உழைப்பே என்பதை நீதியரசர்கள் ஏற்றார்கள். நாம் எப்போது ஏற்பது?

இடைவெளிக்குப்பின் திரும்பும் பெண்களுக்கென டாடா குழுமம் 2008-இல் தொடங்கிய திட்டத்திலும் குறுகிய காலம், குறிப்பிட்ட பணி, அதற்கு ஊதியம் என்பதே ஏற்பாடு. ஆகவே இப்படியொரு கதவை ஊதியத்தோடு திறப்பது நடவாத காரியம் அன்று. 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த பயிற்சித் திட்டமும் மாதம் 5,000 ரூபாய் அளித்தது. ஆனால் 21 முதல் 24 வயதினருக்கு மட்டும். பிள்ளை பெற்று வளர்த்துத் திரும்புகிற தாய்க்கு அந்தக் கதவும் அடைபட்டதே. அவளுக்கென்று மிஞ்சுவது நம்மைப் போன்றோரின் அலுவலகங்கள்தாம் என்பதால், நம் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

யாருக்கு இழப்பு?

சும்மா வேலை செய்ய எவரால் முடியும்? தந்தையோ கணவரோ சோறு போடக்கூடியவரால் மட்டுமே முடியும். கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்ப்பேட்டையிலோ தையல் கூலியில் குடும்பம் நடத்தும் வீட்டுப் பெண், திறமை எவ்வளவு இருந்தாலும், ஓர் ஆண்டு ஊதியமின்றி உட்கார முடியாது. எனவே இந்தப் பாதை ஏழைக்கு அடைபட்ட பாதை. சற்று வசதியுள்ளவர் அதில் நுழைந்ததும், சம்பளம் வாங்கிய கணக்கரின் இடம் காலியாகிறது. ஒருத்தியின் 'அனுபவம்' இன்னொரு வீட்டின் அடுப்பை அணைக்கிறது.

சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. வீட்டில் பெண் செய்யும் உழைப்புக்கும் மதிப்புண்டு என்பது அதன் கருத்து. அடுப்படி உழைப்புக்கே மதிப்புண்டு என்றான பின், அலுவலக உழைப்புக்கு மதிப்பில்லை என்பது என்ன விந்தை!

இது எந்த மண் என்பதையும் மறந்துவிட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்கக் குடியேறியோரால் பெயர் பெற்ற ஊர் இது. அருகே பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27-இல் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முனைந்து, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. திரு.வி.க.வின் குரலும் அதில் ஒலித்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுவது அது. ஆலை 1996-இல் மூடப்பட்டது. உழைப்பாளியின் மானம் பற்றி அது கற்பித்த பாடத்தையும் சேர்த்து நாம் மூடிவிட்டோமா?

சொல்லப்படும் சமாதானங்கள்

"நாங்கள் சிறு வியாபாரிகள். கற்றுக்கொடுக்கும் நேரம் எங்களுக்கு நட்டம்." ஏற்கிறேன். அப்படியானால் முதல் மூன்று மாதத்துக்குக் குறைவான தொகையை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். குறைவு வேறு, இன்மை வேறு.

"பயிற்சி கொடுத்தபின் வேறிடம் போய்விடுவார்களே!" போகட்டுமே. போகாமல் இருக்க வேண்டுமானால் நல்ல ஊதியம் கொடுங்கள். கட்டிப்போட வேறு கயிறு ஹலால் அன்று.

"பொது நிறுவனங்களுக்கு யார்தான் தொண்டு செய்வது?" தாராளமாகச் செய்யட்டும். வெள்ளம் வந்த 2015-இலும் 2023-இலும் நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கியது தொண்டு; அதற்கு எவரும் கூலி கேட்கவில்லை. வாரம் இருமுறை நூலகத்தில் அமர்வதும், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்வதும் தொண்டே. அங்கே கணக்கு வழக்குப் பழகி, நற்சான்று பெற்று வேலைக்குப் போவதும் சிறப்பே. ஆனால் நாள் முழுதும், ஆண்டு முழுதும், ஒருவருடைய இலாபத்துக்காகச் செய்வதற்குத் தொண்டு என்று பெயரில்லை.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு முறையை வகுக்கலாம். நம்மவர் அலுவலகத்தில் பழகுநராகச் சேர்வோருக்குக் காலம் எழுத்தில் வேண்டும். அது மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. தொகை எழுத்தில் வேண்டும். கற்றுக்கொடுப்பவர் இன்னார் என்று குறிக்க வேண்டும். சம்பளக்காரரை நிறுத்திவிட்டுப் பழகுநரை அமர்த்தக்கூடாது. முடிவில் வேலை அல்லது நற்சான்றுக் கடிதம், இரண்டில் ஒன்று கையில் தர வேண்டும். திருமணத் தகராறுகளையும் சொத்துத் தகராறுகளையும் தீர்த்துவைக்கும் ஜமாஅத்துக்கு இது பெரிய சுமையா?

சகோதரிகளுக்கும் ஒரு சொல். வேலை கேட்பது யாசகம் அன்று. கூலி கேட்பது நாணமற்ற செயலும் அன்று. முதல் நாளே கேளுங்கள்: எத்தனை நாள்? எவ்வளவு? முடிவில் என்ன? விடை சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் மூன்றாவது மாதத்தைச் செலவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "கேட்டால் வரவேண்டாம்னு சொல்லிட்டா என்ன மாமா செய்றது?" என்று கேட்டாள். பதினோரு மாதம் உழைத்தவள், கூலியைக் கேட்க அஞ்சுகிறாள். பதினோரு மாதம் உழைப்பைப் பெற்றவர், கொடுக்காதிருக்க அஞ்சவில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதைப் புகாரியின் தொகுப்பில் படிக்கிறோம். அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்க நம்மில் யார் துணிவார்?

அதிபர்களே, இன்றிரவு கடையைப் பூட்டுமுன் அந்த மேசையைத் திரும்பிப் பாருங்கள்.