டிராகனுக்கு இடம் உண்டு, கிரே வார்முக்கு இல்லை

"ராஜா ராணி டிராகன் கதையெல்லாம் எதற்குத் தோழர்?" என்று கேட்பவர்களுக்கும், "கதையைக் கதையாகப் பாருங்கள், அதிலும் அரசியலைத் தேடாதீர்கள்" என்று புத்தி சொல்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரு தரப்போடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடராகப் பார்த்த கதைதான். 1996-ல் முதல் நூல், 2011-ல் ஐந்தாவது. வந்தவரைக்குமே நாலாயிரம் பக்கத்தைத் தாண்டும். அத்தனையும் வாசித்தேன், சில பகுதிகளை இரண்டு முறை. பிரபுக்களின் சண்டைக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் சிதைந்துபோன குடியானவர்களைப் பற்றி, செப்டன் மெரிபால்ட் என்ற நாடோடித் துறவி நான்காம் நூலில் பேசும் இடம் ஒன்றுக்காகவே வாசிக்கலாம். டேவோஸ் இருக்கிறார். நண்டு பிடிப்பவரின் மகன், கடத்தல்காரர். முற்றுகையில் பட்டினி கிடந்த கோட்டைக்குள் வெங்காயமும் கருவாடும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அதற்காக ஸ்டானிஸ் பட்டம் கொடுத்தான். பழைய குற்றத்துக்காக விரல் நுனிகளையும் வெட்டினான். அந்த எலும்புகளைக் கழுத்துப் பையில் சுமந்தபடி அதே ஸ்டானிசுக்கு விசுவாசமாக இருந்தார் டேவோஸ். ஆண்டையின் நீதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

இந்த நூல்களில் பெரும்பாலான அத்தியாயங்களுக்குத் தலைப்பே ஒரு பாத்திரத்தின் பெயர்தான். அந்த அத்தியாயம் முழுக்க அவர் கண்ணால்தான் பார்ப்போம். இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கண் கொடுத்திருக்கிறார் மார்ட்டின். மூன்றாம் நூலில், அஸ்டபோர் நகரத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைப் படைவீரர்களை வாங்கி விடுவிக்கிறாள் டெனேரிஸ். அவர்களுக்குத் தினமும் குலுக்கல் முறையில் புதுப் பெயர். புழு, பூச்சி, எலி என்றுதான் இருக்கும். தாங்கள் அற்பப் பிராணிகள் என்பது மறக்கக் கூடாதாம். நல்ல பெயர் வைத்தால் ஆண்டை முகம் சுளித்த காலத்தை நம் வீட்டுக் கிழவிகளிடம் இன்றைக்கும் கேட்கலாம். நம்மால் இந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட முடியுமா?

விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபிறகும் அவர்களின் தலைவர் கிரே வார்ம், அதாவது 'சாம்பல் புழு', அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறார். பிறந்தபோது வைத்த பெயரோடுதான் அடிமையானார், அது ராசியில்லாதது. விடுதலையான நாளில் குலுக்கலில் வந்தது இந்தப் பெயர். இந்த ஒரு பதிலை வைத்து ஒரு நாவலே எழுதலாம். 'கிரே வார்ம்' என்ற தலைப்பில் ஓர் அத்தியாயமாவது உண்டா? இல்லை. மொழிபெயர்ப்பாளராக இருந்த அடிமைச் சிறுமி மிசாண்டெய்க்கும் இல்லை. டெனேரிஸ் பிறகு பிடித்த மீரீன் நகரத்தில் விடுதலையான அத்தனை பேரில் ஒருவருக்கும் இல்லை. மெலிசாண்ட்ரே சிறுவயதில் ஏலம் விடப்பட்டவள். அவளுக்கு அத்தியாயம் உண்டு. அந்த ஏலம் மட்டும் மின்னி மறைந்துவிடுகிறது.

அந்த நாட்டு அடிமை வாழ்வை உள்ளிருந்து காட்டும் வேலையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? டிரியன் லானிஸ்டரிடம். பெரும் பணக்காரப் பிரபுவின் மகன். ஐந்தாம் நூலில் சில காலம் அடிமையாக விற்கப்படுகிறான். அப்போது அவன் யோசிப்பது: அடிமையாக இருப்பவன் எவனும் அதைத் தேர்ந்துகொண்டவன்தான், சாவையாவது தேர்ந்திருக்கலாமே. பாத்திரத்தின் எண்ணம் ஆசிரியரின் எண்ணம் ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆளுக்கு அந்தப் புத்தகத்தில் அத்தியாயம் இல்லையே.

"இடைக்காலம் அப்படித்தான் இருந்தது" என்பார்கள் ரசிகர்கள். எந்த இடைக்காலத்தில் டிராகன் பறந்தது? பக்கமும் பற்றாமல் போகவில்லை. ஜாஃப்ரியின் கல்யாணத்தில் 77 வகை உணவு பரிமாற இடம் இருந்ததே.

டெனேரிஸை மார்ட்டின் அப்பழுக்கில்லாத மீட்பராகக் காட்டவில்லை, உண்மை. தங்களையே அடிமையாக விற்றுக்கொள்ள முன்வருகிறவர்களை அவள் தடுப்பதில்லை; விலையில் பத்தில் ஒரு பங்கு வரி வாங்கிக்கொள்கிறாள். மீரீன் தர்பாரில் ஒரு வழக்கு வரும். ஒரு பிரபுவின் அடிமையாக இருந்து இறந்துபோன நெசவுக்காரக் கிழவி சில பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தார். விடுதலையான அந்தப் பெண்கள் கடை போட்டுவிட்டார்கள். வருமானத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று வந்து நிற்கிறான் பிரபு. கிழவியின் பெயர் என்ன என்று ராணி கேட்டால் அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. பெயரை மறந்ததற்காக அந்தப் பெண்களுக்கு ஒரு புதுத் தறி வாங்கிக் கொடு என்று தீர்ப்பாகிறது. கைதட்டத் தோன்றும் இடம், நானும் ரசித்தேன். ஆனால் அந்தப் பெண்களின் பெயரை நமக்கும் யாரும் சொல்லவில்லை. கடையை எப்படி நடத்தினார்கள், பழைய ஆண்டையின் தெருவில் எப்படி நடந்தார்கள், எதுவும் தெரியாது. அடுத்த மனுதாரர் வந்துவிடுகிறார்.

இது முடியாத காரியமா? என்.கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளரின் 'புரோக்கன் எர்த்' மூன்றே நூல்கள். நிலத்தை அடக்கும் ஆற்றலோடு பிறந்ததற்காகவே வெறுக்கப்பட்டு, அந்த ஆற்றலையே பிறருக்காக உழைக்கப் பழக்கப்பட்ட மக்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு வசைச் சொல்லும் உண்டு. கதை அவர்களோடுதான் நடக்கிறது, அரண்மனை ஜன்னலிலிருந்து அல்ல. 2016, 2017, 2018 என்று மூன்று நூலுக்கும் அடுத்தடுத்து ஹியூகோ விருது. அதற்கு முன் நாவலுக்காக அப்படித் தொடர்ந்து மூன்று முறை யாரும் வாங்கியதில்லை.

மார்ட்டினின் ஆறாவது நூல் வந்தால் முதல் வாரமே வாங்கிவிடுவேன். வாங்கியதும் அத்தியாயத் தலைப்புகளைத்தான் புரட்டுவேன். டிரியன் கண்டிப்பாக இருப்பான். கிரே வார்ம் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.