கழித்துக் கட்டாதீர்கள்!



மூளை ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லி, பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? கடைசி வரை படிங்க.

மனித மூளையின் வெளிப்பக்கம் சாம்பல் நிறப் பொருள். நரம்பு செல்களின் உடல்கள் அங்கேதான் கூடியிருக்கின்றன. உள்ளே இருப்பது வெண்பொருள். (நம்ம ஊர் ஒயிட் டவுன் இல்லீங்க!) இது செல்களை இணைக்கும் நீண்ட நரம்பு இழைகளின் கட்டு. இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருப்பதால்தான் இந்த வெள்ளை. நேரு வீதிக் கடைகள் சாம்பல் பொருள் என்றால், சரக்கு வந்து போகும் தெருக்கள் வெண்பொருள். மூளையின் கன அளவில் ஏறக்குறைய பாதி இதுதான்.

ஜிப்மருக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். அது மூளையின் அமைப்பைக் காட்டும். மூளை வேலை செய்வதைக் காட்டுவது எஃப்.எம்.ஆர்.ஐ. இதற்கு 1990ல் வழி காட்டியவர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜப்பானியர் செய்ஜி ஒகாவா. ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின், காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே ஆக்ஸிஜன் நிறைந்த புது ரத்தம் பாயும், கலைப்பு குறையும், சிக்னல் கூடும். ஆக, இந்த மெஷின் எண்ணத்தைப் படிக்கவில்லை. ரத்தத்தைத்தான் கவனிக்கிறது.

இங்கேதான் விஷயம் இருக்கு. வெண்பொருளில் ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவு. அதனால் அங்கே கிடைக்கும் சிக்னலும் பலவீனம். "இது வெறும் இரைச்சல்" என்று பல ஆண்டுகளாக விஞ்ஞானிகள் ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியது மட்டுமா? சாம்பல் பொருளின் கணக்கைச் சுத்தம் செய்வதற்காக, வெண்பொருளின் சிக்னலை அதிலிருந்து கழிப்பதையே பலர் வழக்கமாக்கிக் கொண்டார்கள்!

ஆனால் சிலர் கழிக்காமல் உற்றுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜாவோஹுவா டிங், ஜான் கோர் ஆகியோரின் குழு 2018ல் வெளியிட்ட கட்டுரையில், வெண்பொருள் பாதைகளின் சிக்னலும் சாம்பல் பகுதிகளின் சிக்னலோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டியது. ஆள் சும்மா படுத்திருக்கும்போதும் அப்படித்தான். வேலை கொடுத்தாலும் அப்படித்தான். குப்பை என்று கழித்ததில் செய்தி இருந்திருக்கிறது!

அப்படின்னா, மெஷின் காட்டுவதையெல்லாம் நம்பிடலாமா? கூடவே கூடாது. 2009ல் கிரெய்க் பென்னெட் குழுவினர், செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். மீன் மூளையில் சில புள்ளிகள் "வேலை செய்வதாக" வந்தது! காரணம் பேய் இல்லை, கணக்கு. 1000 மாணவர்கள் ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டினால், யாராவது ஒருவருக்குப் பத்தும் தலையாக விழ நல்ல வாய்ப்பு உண்டு. அதற்காக அவரை மந்திரவாதி என்போமா? ஸ்கேனிலும் பல ஆயிரம் புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதால் சில தானாகவே தேறிவிடும். அதற்குரிய திருத்தத்தைப் போட்டதும் மீன் மறுபடி செத்த மீனாகிவிட்டது. இந்த ஆய்வுக்கு 2012ல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது.

மூளையை அளப்பது விளையாட்டு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனைகளை, மூளை அலைச் சோதனை உட்பட, நடத்தக் கூடாது என்று 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. தவறாகப் படிக்கப்படும் ஓர் அளவு, ஒரு மனிதனின் வாழ்க்கையையே தொடலாம்.

ஆகவே என் கருத்து இதுதான். பிடிக்காத அளவை அழிப்பதும் தப்பு. கிடைத்த அளவை அப்படியே நம்புவதும் தப்பு. எழுதி வைக்கணும், பிறகு சோதிக்கணும்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரணும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வகுப்பில் 40 பேருக்கும் அச்சு அசலாக 9.8 வந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படணும்! நூலின் நீளம், நம் கை, ஸ்டாப் வாட்ச் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறத்தானே செய்யும்?

"பிராக்டிகல் மார்க் போயிடுமே" என்று நண்பர்கள் சொல்வது நியாயமான பயம்தான். அதனால்தான் ஆசிரியர்களிடம் பணிவோடு கேட்கிறேன். ரெக்கார்டு நோட்டில் "ஒத்துவராத அளவு" என்று ஒரு கட்டம் போட அனுமதி தாருங்கள். அதில் எழுதுபவருக்கு மார்க் குறைக்காதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதி, சோதனையை மறுபடி செய்பவருக்கு ஒரு மார்க் கூட்டியே போடுங்கள்.

ரப்பரால் அழித்துவிட்டால், அந்த எண் ஏன் வந்தது என்று அப்புறம் யாராலும் கேட்க முடியாது. சிந்திப்போம், நண்பர்களே!

– பதினோராம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு