கரண்ட் வைக்கும் நாளுக்குக் கூலி எங்கே?

"கரண்ட் வைக்க 25 நாளு வரணுமாம். நடவு நேரத்துல அத்தன நாளு போனா வூட்டுல அடுப்பு எரியுமாடா?"

எங்க சின்னம்மா கேட்டது. கருப்பைவாய்ப் புற்று. 11 நாளோடு நின்றுவிட்டாள். காப்பீட்டு அட்டை சுருக்குப்பையில் பத்திரமாக இருந்தது. அடுத்த தைக்கு அவள் இல்லை. 'படிப்பறிவில்லாத சனம், பாதியில ஓடிடுது' என்று ஆஸ்பத்திரியில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

தோழர்களே, கதிர்வீச்சு சிகிச்சை வளர்ந்திருப்பது உண்மை. 2019இல் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்று புரோட்டான் மையம் திறந்தது. எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டி, பின்னால் இருக்கும் நல்ல சதையையும் சுடும். புரோட்டான் கட்டியோடு நின்றுவிடும். மூளையில் கட்டி வந்த குழந்தைக்கு அது பெரிய காரியம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் வந்தால்தான் வளர்ச்சியா? நாளைக் குறைத்தால் அது வளர்ச்சி இல்லையா?

மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பின் 5 வாரம் கரண்ட் வைத்தார்கள். பிறகு 3 வாரமானது. 2020இல் பிரிட்டனில் சுமார் 4,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. தொடக்க நிலை நோய்க்கு ஒரே வாரத்தில் 5 தடவை வைத்தாலும், 5 வருடம் கழித்துப் பார்க்கையில் பலன் குறையவில்லை. எலும்புக்குப் பரவிய புற்றின் வலியைத் தணிக்கப் பெரும்பாலும் ஒரே தடவை போதும் என்பது அதற்கு வெகுநாள் முன்பே தெரியும். புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. 5 வாரம் 1 வாரமானால் 20 நாள் கூலி மிச்சம். இதை எந்த மந்திரி வந்து ரிப்பன் வெட்டித் திறப்பார்?

சின்னம்மாவின் நோய்க்கு இந்தக் குறுகிய முறை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. வெளியிலிருந்து 5 வாரம், அப்புறம் உள்ளே வைக்கும் கதிர். மொத்தமும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். அந்த 8 வாரமும் நிலமில்லாத சேரிப் பெண் எங்கே தங்குவாள்? வாடகைக்கு அறை கேட்டால் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்கிறான். நடவுக்கு வராதவளை ஆண்டை அடுத்த தடவை கூப்பிட மாட்டான்.

காப்பீடு வைத்தியச் செலவைத் தரும். போன கூலியைத் தராது. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் (1942-46) உருவான திட்டம், 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமானது. அதில் சேர்ந்த ஆலைத் தொழிலாளிக்குப் புற்று வந்தால், வேலைக்குப் போகாத நாளுக்கும் கூலியில் பெரும்பகுதி உண்டு. வயலில் குனிந்தவளுக்கு மட்டும் ஏன் இல்லை?

கரண்ட் வைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி கொடு. நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசத் தங்குமிடம் கொடு. குறைந்த நாள் முறை பொருந்துகிறவர்களுக்கு அதையே கொடு. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியை வார்டுக்குள் கேட்கட்டும். நாம் வெளியே நின்று கேட்போம்.

சின்னம்மாவுக்குப் பாக்கி இருந்தது 14 நாள் கரண்ட். 14 நாள் கூலி கொடுக்க ஆளில்லாமல் ஒரு உசுரு போச்சு.