ஒரே கயிற்றில் இருவர்



பனி என்னும் சொல்லுக்கு நம் செய்யூர்ப் பகுதியில் ஒரே பொருள்தான் உண்டு. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும், முதல் திருப்பலிக்கு வரும் முதியோரைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளச் செய்வதும் எதுவோ, அதுவே நமக்குப் பனி. கல்லைப் போல் இறுகி, மலையையே மூடி, ஆளை விழுங்கிவிடும் உறைபனியைக் கண்டவர் நம்மில் மிகச் சிலர். மறைக்கல்வி வகுப்பில் பனிமலையின் படமொன்றைக் காட்டி, "இது என்ன?" என்று நாம் வினவியபோது, ஒரு சிறுவன் சற்றும் தயங்காமல், "உப்பு, சாமி" என்றான். உப்பளங்களின் ஓரத்தில் வெண்மையாகக் குவிந்து கிடக்கும் அம்பாரங்களைப் பார்த்து வளரும் பிள்ளை வேறென்ன சொல்வான்?

இத்தகைய கடற்கரை மக்களாகிய நமக்குப் பனிமலைப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மலையேறுவோர் எல்லாரும் மலையில் பிறந்தவர்கள் அல்லர். 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியை அடைந்த ராஜசேகர் பச்சை என்னும் இளைஞர், நம் கடற்கரையைச் சேர்ந்த கோவளத்துக்காரர். அலைமேல் சறுக்கும் கலையைக் கற்பிப்பவர். நாம் இங்கே சொல்ல வந்த தந்தையும் கடலைத் தொழிலாகக் கொண்டவரே. இந்தியக் கடற்படை அதிகாரியான கமாண்டர் எஸ். கார்த்திகேயன் அவர். அவருடைய மகள் காம்யா கார்த்திகேயன். இவ்விருவரும் 2024 மே 20 அன்று 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியில் ஒன்றாக நின்றனர். அப்போது மகளுக்கு வயது 16. மும்பையிலுள்ள கடற்படைப் பள்ளியின் மாணவி. அதற்குக் குறைந்த வயதினர்க்கு எவரெஸ்டில் ஏற நேபாள அரசு அனுமதி தருவதில்லை.

செய்தி வெளியான வாரத்தில் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம், "பெற்ற பிள்ளையை அங்கே அழைத்துக்கொண்டு போக அந்த மனிதருக்கு எப்படிச் சாமி மனம் வந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை எளிதாகத் தட்டிக்கழிக்க நமக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த மலையின் இயல்பை அறிந்துகொள்வோம். எவரெஸ்ட் உச்சியில் காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இங்கு ஒரே மூச்சில் நாம் பெறும் உயிர்க்காற்றை அங்கு மூன்று மூச்சிலும் பெறுவது அரிது. இக்குறைவுக்கு உடல் மெல்ல மெல்லத்தான் பழகும். எனவே மலையேறுவோர் பகலில் சற்று மேலே ஏறி, இரவில் கீழே இறங்கி உறங்கி, மறுபடியும் ஏறுவர். அவசரப்பட்டவருக்குத் தலைவலியும் வாந்தியும் தோன்றும். அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். அதற்கான முதல் மருத்துவம் கீழே இறங்குவதே. 8,000 மீட்டருக்கு மேல் எவ்வளவு பழகிய உடலும் மணிக்கு மணி தேய்ந்துகொண்டே போகும். அப்பகுதிக்கு மலையேறுவோர் இட்டுள்ள பெயர் சாவு மண்டலம்.

பனியாறுகளைக் கடக்கையில் இருவர், மூவராக ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்வது வழக்கம். மெல்லிய பனி மூடிய பிளவுகள் காலடியில் எங்கும் மறைந்திருக்கும். ஒருவர் உள்ளே விழுந்தால், மற்றவர் அக்கணமே தரையில் சாய்ந்து பனிக்கோடரியை ஊன்றி, தம் உடல் எடையால் அவரைத் தாங்க வேண்டும். செங்குத்தான சரிவில் ஏறும்போது அனுபவம் மிக்கவர் முன்னே செல்வார். இறங்கும்போது அவரே கடைசியாக வருவார். முன்னே இறங்குபவர் சறுக்கினால் மேலிருந்து பிடித்து நிறுத்துவதற்காக.

காம்யாவை அவருடைய பெற்றோர் ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடவில்லை. லோனாவலாக் குன்றுகளில் நடக்கத் தொடங்கியபோது அவர் சின்னஞ்சிறு குழந்தை. இமயத்தில் முதன்முதல் கால்வைத்தது 7 வயதில். தென் அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான அக்கோன்காகுவாவில் 2020 பிப்ரவரி 1 அன்று ஏறியபோது வயது 12. வட அமெரிக்காவின் தெனாலியிலோ சுமைதூக்குவோர் கிடையாது. உணவு, கூடாரம், எரிபொருள் அனைத்தையும் முதுகிலும் சறுக்குவண்டியிலுமாக ஏறுபவரே இழுத்துச் செல்ல வேண்டும். அதையும் அவர் ஏறி முடித்தார். ஏழு கண்டங்களின் ஏழு சிகரங்களில் எஞ்சியிருந்தது அண்டார்க்டிக்காவின் 4,892 மீட்டர் உயர வின்சன் ஒன்றே. 2024 டிசம்பர் 24 அன்று, சிலி நாட்டு நேரப்படி மாலை 5.20 மணிக்குத் தந்தையும் மகளும் அதன் உச்சியில் நின்றனர். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவதில்லை. நமக்கு அது நள்ளிரவு கடந்த நேரம். கிறிஸ்து பிறப்புத் திருப்பலி முடிந்து, உறங்கும் குழந்தைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீங்கள் வீடு திரும்பியிருந்த நேரம்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் அளித்த விடை இது: அவர் மகளை அனுப்பவில்லை, உடன் சென்றார், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் படிப்படியாக ஏறினார்கள். ஆயினும் இந்த விடை முழுமையானதன்று என்பதை நாமே அறிவோம். உடன் செல்வதால் மட்டும் மலை இரங்கிவிடுவதில்லை.

பாகிஸ்தானின் ஸ்கார்டு நகருக்கு அருகில் சத்பரா என்னும் சிற்றூர் உண்டு. முகம்மது அலி சத்பரா அவ்வூர்க்காரர். பிறருடைய மூட்டைகளை மலைமேல் சுமந்து வாழ்க்கையைத் தொடங்கி, 2016 பிப்ரவரியில் நங்க பர்வதத்தைக் குளிர்காலத்தில் முதன்முதலாக வென்ற மூவரில் ஒருவராக உயர்ந்தவர். 2021 பிப்ரவரி 5 அன்று, உலகின் இரண்டாம் உயர்ந்த மலையான கே2-இல், 8,611 மீட்டர் உச்சியை நோக்கி அவர் ஏறிக்கொண்டிருந்தார். உடன் ஐஸ்லாந்து நாட்டவர் ஒருவர், சிலி நாட்டவர் ஒருவர். நான்காமவர் அவருடைய மகன் சாஜித். 'புட்டிக்கழுத்து' என்று அழைக்கப்படும் குறுகிய பனிச்சரிவில், ஏறத்தாழ 8,200 மீட்டரில், மகனின் நினைவு தடுமாறலாயிற்று. உயிர்க்காற்றுக் கருவியைப் பூட்டிப் பார்த்தனர், கருவி பழுதாயிற்று. தந்தை மகனைக் கீழே இறங்கிப் போகச் சொன்னார். உச்சி ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் நிற்கிறது; தந்தையும் மகனும் குளிர்காலத்தில் அங்கே சேர்ந்து நிற்கும் பெருமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவ்வேளையில் "இறங்கிப் போ" என்றார்.

மகன் இறங்கினார். மூன்றாம் முகாமை அடைந்து அவ்விரவு முழுவதும் காத்திருந்தார். தந்தையும் உடன் சென்ற இருவரும் திரும்பவேயில்லை. அவ்வாண்டு கோடையில் சாஜித் மீண்டும் அதே மலையில் ஏறினார். ஜூலை 26 அன்று மூவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. நான்காம் முகாமுக்கு அருகே தந்தையின் உடலைப் பனியில் அடக்கம் செய்து, தம் சமய முறைப்படி இறைவேண்டல் செலுத்திவிட்டுத்தான் அம்மகன் இறங்கினார். அவரும் பின்னர் மலையேற்றத்தையே தம் வாழ்வாகக் கொண்டார்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விழைகிறோம். நம் இல்லங்களிலும் பிள்ளைகள் மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எனச் சிகரத்தின்மேல் சிகரம். பெற்றோராகிய நீங்கள் பெரும்பாலும் அடிவாரத்தில் நின்று, "ஏறு, ஏறு" என்று குரல் கொடுக்கிறீர்கள். கயிற்றின் மறுமுனை உங்கள் இடுப்பில் இல்லை. பிள்ளைக்குத் தலைவலி கண்டுவிட்டதை, உறக்கம் கெட்டுவிட்டதை, உணவு வேண்டாதுபோனதை முதலில் அறிய வேண்டியவர் நீங்கள். அறிபவரோ விடுதிக் காப்பாளர். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒன்றே: "இறங்கி வந்துவிடு, பரவாயில்லை என்று வீட்டில் யாராவது சொன்னார்களா?" பலர் விடை கூறாமல் தலை கவிழ்ந்து நிற்பர்.

இதற்கு நேர்மாறான தந்தையரும் உண்டு. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியோடு எவரெஸ்டை வென்ற டென்சிங் நார்கே, தம் மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சிலை அவ்வுச்சிப் பனியில் புதைத்துவிட்டு வந்தவர். அத்தனை பாசமுள்ளவர், மகன் ஜம்லிங் தானும் எவரெஸ்ட் செல்ல வேண்டும் என்று கேட்டபோது இசையவில்லை. பிள்ளைகள் ஏற வேண்டியிராதபடிக்கே தாம் ஏறியதாகக் கூறினார் என்று ஜம்லிங் பின்னாளில் எழுதினார். டென்சிங் 1986-இல் மறைந்தார். 1996 மே மாதம், புயலொன்று எட்டுப் பேரைப் பலிகொண்ட அதே பருவத்தில், ஜம்லிங் தந்தை நின்ற உச்சியை அடைந்தார். தடை பயனற்றதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மகன் பக்குவம் அடையும்வரை அது அவரைக் காத்தது என்றே நாம் கருதுகிறோம்.

திருச்சபைக்கும் மலையேற்றம் புதியதன்று. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், அக்கில்லே ராத்தி என்னும் பெயருடைய குருவாக இருந்தபோது, 1889-இல் மோன்த்தே ரோசா மலையில் ஏறி, உச்சிக்கு அருகே குறுகிய பாறை விளிம்பில் ஓர் இரவைக் கழித்தவர். (நம் அருட்பணியாளர் சிலருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்பது வேறு செய்தி.) 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியேர் ஜார்ஜோ ஃபிரசாத்தி ஆல்ப்ஸ் மலைகளில் நண்பர்களோடு ஏறி மகிழ்ந்த இளைஞர். அவருடைய தந்தை புகழ்பெற்ற நாளிதழின் உரிமையாளர், தூதராகவும் பணியாற்றியவர். மகன் தூரின் நகரத்து ஏழைகளின் குடிசைகளை ஒவ்வொன்றாக நாடிச் சென்றதைப் பெற்றோர் அறியவில்லை. 1925 ஜூலையில், பாட்டியார் இறந்த துயரத்தில் வீடு மூழ்கியிருந்தபோது, இளம்பிள்ளை வாதம் மகனைப் பற்றியது; அதன் கடுமையையும் அவர்கள் காலத்தில் உணரவில்லை. 24 வயதில் அவர் இறந்தார். அடக்கச் சடங்குக்குத் திரண்ட ஏழைகளின் கூட்டத்தைக் கண்டு பெற்றோர் திகைத்து நின்றனர்.

மலையேற்றம் கற்க எங்கே செல்வது என்று பங்கு இளைஞர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார். 1954-இல் தொடங்கப்பட்ட டார்ஜிலிங் இமய மலையேற்றக் கல்விக்கூடமும், 1965-இல் தொடங்கப்பட்ட உத்தரகாசி நேரு மலையேற்றக் கல்விக்கூடமும் 28 நாள் அடிப்படைப் பயிற்சி அளிக்கின்றன என்று கூறினோம். அதற்குமுன், அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலக் குன்றுக்குத் தந்தையை அழைத்துச் சென்று வருமாறும் சொன்னோம். தந்தைக்கு வயது 58, முழங்காலில் வலி. இறங்கும்போது எவர் பின்னால் வந்தார் என்பதை மட்டும் நம்மிடம் வந்து சொல்லும்படி கேட்டிருக்கிறோம்.