பந்தயத்தில் தனிப் பந்தியா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்தரப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் பந்தயங்களைக் குறித்து நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் பொதுப் பள்ளிக்கூடங்களும், பெற்றோரிடம் சம்பளம் வாங்கி நடத்தப்படும் தனியார் பள்ளிக்கூடங்களும் ஒரே கேடயத்திற்குப் போட்டியிடுவது நியாயமா, இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பந்தயம் நடத்துவது நியாயமா என்பதே கேள்வி. (இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்னும் பெயரைப் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிகள் சூட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வேடிக்கையை வாசகர்கள் இங்கே மறந்துவிட வேண்டும்.) பிள்ளைகளின் ஆட்டந்தானே என்று இதைத் தள்ளிவிடுவோர் அமெரிக்கச் சிற்றூர்களின் வாழ்க்கையை அறியாதவர்கள். வெள்ளிக்கிழமை இரவில் பள்ளி மைதானத்து ஆட்டத்திற்கு ஊரே திரண்டு வரும். பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அந்த ஆட்டத்திற்கு அவர்கள் 'கால்பந்து' என்று பெயர் வைத்திருப்பது வேறு விஷயம்.

பொதுப் பள்ளிகளின் குறை பொய்க் குறையல்ல. பொதுப் பள்ளிக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளை மெலிந்தவனாயினும் வலியவனாயினும் அவனைச் சேர்த்துக்கொண்டே தீரவேண்டும். தனியார் பள்ளிக்கோ எல்லையில்லை. வேண்டியவனை எங்கிருந்தும் அழைக்கலாம்; வேண்டாதவனுக்குக் கதவைச் சாத்தலாம். பந்தயச் சங்கங்கள் மாணவர் தொகையையே முக்கிய அளவுகோலாகக் கொண்டு பள்ளிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து மோதவிடுகின்றன. நானூறு பிள்ளைகள் உள்ள கிராமப் பள்ளியும், நகரம் முழுவதிலுமிருந்து பொறுக்கியெடுத்த நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளியும் சமபலம் உடையவை என்று எந்தக் கணக்கன் ஒப்புவான்?

இதற்குப் பரிகாரம் என்று ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு மருந்தைக் கையாண்டது. அலபாமா 1999-ல் தனியார் பள்ளிகளின் மாணவர் தொகையை 1.35-ஆல் பெருக்கிற்று, 400 பேர் உள்ள பள்ளி 540 பேர் உள்ளதாகப் பாவிக்கப்பட்டு மேல் வகுப்பில் ஆடவேண்டியதாயிற்று. டென்னஸி 1997-ல் இரண்டு பிரிவுகளையே ஏற்படுத்தியது. அங்கே பிரிவினைக்கு அடையாளமாகக் கொண்டது எதை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழை ஆட்டக்காரனுக்குச் சம்பள உதவி கொடுக்கும் தனியார் பள்ளிகள் தனிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டன. கொடுக்காதவை பொதுப் பள்ளிகளோடு சேர்ந்து ஆடலாம். உதவிப் பணத்தைக் காட்டி ஆட்டக்காரரை இழுப்பதைத் தடுப்பதே நோக்கம் என்பார்கள். நோக்கம் எதுவாயினும் பலன் யாது? பணக்காரர் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டால் பொதுப் பந்தியில் இடம் உண்டு. ஏழைப் பையனுக்குக் கை கொடுத்தால் எழுந்து வெளியே போகவேண்டும். இதைவிட விபரீதமான சமத்துவத்தை நாம் கேள்விப்பட்டதில்லை.

அதே டென்னஸியில் அதே 1997-ல் எழுந்த ஒரு வழக்கு வக்கீல்களுக்கு நல்ல விருந்து. பிரென்ட்வுட் அக்காடமி என்னும் தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாசிரியர், அடுத்த வருஷம் சேரவிருந்த சில சிறுவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வரும்படி கடிதம் எழுதினார். இது ஆள் பிடிக்கும் குற்றமென்று மாகாணப் பந்தயச் சங்கம் 3,000 டாலர் அபராதம் விதித்ததோடு, இரண்டு வருஷங்களுக்கு இறுதிக்கட்டப் போட்டிகளில் சேரலாகாதென்றும் தண்டித்தது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்கு இரண்டு முறை போயிற்று. சங்கம் வெறும் தனிப்பட்ட கிளப்பா, சர்க்காரின் அங்கமா என்பது முதல் கேள்வி. அங்கத்தினரில் ஏறத்தாழ 290 பொதுப் பள்ளிகளும் 55 தனியார் பள்ளிகளும் இருந்தமையால், அது சர்க்காரின் ஸ்தானத்தில் நின்று காரியம் செய்கிறது என்று 2001-ல் ஐந்து நீதிபதிகள் கூற, நால்வர் மறுத்தனர். 2007-ல் தண்டனை பேச்சுச் சுதந்திரத்திற்கு விரோதமல்லவென்று ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இரு பிரிவு வைப்பது சரியா என்பதைப்பற்றி அந்த வழக்கில் தீர்ப்பில்லை. ஆயினும் இரண்டு விஷயங்களை நாம் அதிலிருந்து கொள்ளலாம். பந்தயச் சங்கம் பிள்ளைகளைப் பிரிக்கும்போது அது பொது அதிகாரத்தைச் செலுத்துகிறது; தக்க காரணம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. ஆள் பிடிக்கும் பள்ளியைப் பெயர் சொல்லித் தண்டிக்கவும் அதற்குப் போதிய வலிமை உண்டு. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஜாதி முழுவதையும் தள்ளிவைக்க அவசியமே இல்லை.

தள்ளிவைத்தல் என்னும் சொல்லை நாம் தெரிந்தே உபயோகிக்கிறோம். தென் மாகாணங்களின் பள்ளிக்கூட மைதானங்களில் பிரிவினை புதிதல்ல. டெக்ஸாஸில் கறுப்பு மாணவர்களின் பள்ளிகள் வெள்ளையரோடு ஆடவொட்டாமல் தடுக்கப்பட்டு, பிரெய்ரி வியூவைத் தலைமையிடமாகக் கொண்ட தனிச் சங்கத்தின்கீழ் 1970 வரையில் பந்தயம் நடத்தின. கோர்ட்டுகள் பொதுப் பள்ளிகளின் கதவைத் திறந்துவிட்டதும், கறுப்புப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகள் உட்காரக்கூடாதென்று வெள்ளையர் பலர் தென் பிரதேசமெங்கும் புதிய தனியார் பள்ளிகளைத் தொடங்கினர். அவற்றுக்கென்று தென் கரோலினாவில் 1965-லும் மிஸிஸிப்பியில் 1968-லும் தனிச் சங்கங்கள் தோன்றின. இன்று பிரிவினை கோரும் பொதுப் பள்ளிகளின் தலையில் அந்தப் பாவத்தை நாம் சுமத்தவில்லை. அவர்களில் கறுப்பு மாணவர் நிறைந்த பள்ளிகளும் உண்டு. ஆனால் வேலி போடுவது எளிது, பிடுங்குவது கடினம் என்பதை அந்நாட்டார் அனுபவத்தில் கண்டவர்கள். எல்லாத் தனியார் பள்ளிகளும் பிரபுக்களின் மாளிகையும் அல்ல. நகரத்துச் சந்தில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக நடக்கும் கத்தோலிக்கப் பள்ளியும் தனியார் பள்ளியே. அதை வெளியே நிறுத்தினால் எந்த அநீதி தீரும்?

மேலும், பொதுப் பள்ளிகளெல்லாம் ஒரே தராசில் நிற்பவையா? செல்வர் வாழும் புறநகரில் வீடு வாங்க வகையுள்ளவனே அவ்வூர்ப் பொதுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். தனியார் பள்ளியில் சம்பளமாகக் கட்டுவதை அவன் வீட்டு விலையாகக் கட்டுகிறான், அவ்வளவுதான். எல்லை தாண்டிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளிகளும் பல உண்டு. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்துக் கோடு கிழிப்பது வீண். பள்ளி தன் ஆட்டக்காரரை எவ்விதம் பெறுகிறது என்று பார்த்துக் கிழிக்க வேண்டும்.

இல்லினாய் மாகாணம் 2005-ல் ஓரளவு இந்த வழிக்கு வந்தது. அங்கே ஏற்பட்ட 1.65 என்னும் பெருக்கம் எல்லையற்ற பள்ளிகளைக் குறித்தது. எல்லையில்லாத பொதுப் பள்ளியும் அதற்கு உட்பட்டது. ஓஹையோ இன்னும் நன்றாகச் செய்தது. பிரித்துவிட வேண்டுமென்ற தீர்மானம் அங்கே 1978-லும் 1993-லும் தோற்றது. பிறகு 2011, 2012, 2013 ஆகிய மூன்று வருஷங்களிலும் வெவ்வேறு திட்டங்கள் பள்ளித் தலைவர்களின் வோட்டில் தோற்று, 2014-ல் ஒன்று நிறைவேறியது. ஒவ்வோர் ஆட்டக்காரனும் எங்கே குடியிருக்கிறான், எந்தப் பள்ளியின் வழியாக வந்தான் என்று எண்ணி, வெளியிலிருந்து வந்தவர் தொகைக்கு ஏற்ப அப்பள்ளியை உயர்த்துவது அதன் சாரம். பொதுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் கணக்கெடுப்பு உண்டு. வேலை அதிகந்தான், குமாஸ்தாக்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தனியார் பள்ளித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்குக் கேட்டால் அவமானம் என்று சீறுவது அவர்களுக்கு அழகல்ல. ஏழைப் பையனுக்கு உதவுவது தருமத்திற்கா, கேடயத்திற்கா என்பதை அவர்கள் காட்ட விரும்பினால் வழி எளிது: உதவி பெறும் பிள்ளைகளில் ஆட்டக்காரர் எத்தனை பேர், ஆடத் தெரியாதவர் எத்தனை பேர் என்ற கணக்கை வருஷந்தோறும் தாங்களே வெளியிடலாம்.